குறைவா, வேறயா?

புளியங்குடியில் கோமதிநாயகத்தின் மிக்சி ரிப்பேர் கடைக்கு வாசலில் ஒரு பெயர்ப் பலகை உண்டு. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'பிரிச்சுப்போட்ட கடை' என்றால்தான் வழி காட்டுவார்கள். கோளாறு எங்கே என்று அவர் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த கையோடு அந்த மிக்சியின் மேல் இருந்த ஆசை தீர்ந்துபோகும். அடுத்ததன் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். நாற்பது வயது தாண்டும் வரைக்கும் ஊர் இதைச் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டது.

பிறகுதான் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அது நடந்தது.

மகள் யாழினிக்கு ஐந்து வயது. அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனவர், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். தோளில் அவளுடைய பை, கையில் அவளுடைய தண்ணீர் பாட்டில். கண்டக்டர் வந்ததும் ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கேட்டார். "அரை டிக்கெட் யாருக்கு?" என்று கண்டக்டர் கேட்ட பிறகுதான் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

ஓடி வந்தபோது குழந்தை அதே பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் ஒரு பூக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்பா வருவாங்கன்னு இவங்ககிட்டச் சொன்னேன்" என்றாள் யாழினி. அன்றைக்கு அழுதது கோமதிநாயகம்தான்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டர் நிறையக் கேள்விகள் கேட்டுவிட்டு, அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும் என்றார். தமிழில் கவனக்குறைவு என்று எழுதுகிறார்கள், ஆனால் வேறு மாதிரி யோசிக்கிற மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் தலைக்குள் இருந்த கூட்டம் கொஞ்சம் கலைந்தது. ஆனால் டாக்டர் சொன்னதுதான் விளங்கவில்லை. குறைவு என்றால் குறைவு. வேறு என்றால் வேறு. ஒரே சாமான் எப்படி இரண்டாகவும் இருக்கும்?

இந்தக் குழப்பத்தோடு திரிந்த நாளில்தான் அந்தப் போஸ்டரைப் பார்த்தார். கவனகர் திலகவதியின் எண்கவனகம். திலகவதி மேடையில் உட்கார்ந்திருப்பார். ஒருவர் மணி அடிப்பார். ஒருவர் அவர் முதுகில் சின்னக் கற்களாக எறிவார். இன்னொருவர் கணக்குக் கேட்பார், வேறொருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். இப்படி ஒரே நேரத்தில் எட்டுப் பேர். கடைசியில் மணி எத்தனை, கல் எத்தனை என்று பிசகாமல் சொல்லி, வெண்பாவையும் முடித்துவிட்டு எழுந்திருப்பார்.

எட்டுக் கவனம் வைத்திருப்பவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கோமதிநாயகத்துக்குத் தோன்றியது.

திலகவதி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் சொல்லிக்கொடுத்தார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள்தான் வருவார்கள். அவர்களுக்கு நடுவில் போய் நின்றார் கோமதிநாயகம்.

"என்ன அண்ணாச்சி, பிள்ளையைச் சேக்க வந்தீங்களா?"

"நான்தான் சேர வந்திருக்கேன், டீச்சர். ஒரே ஒரு கேள்வி. என் கவனம் குறைவா, வேறயா?"

"உக்காருங்க" என்றார் திலகவதி.

மாதக்கணக்கில் உட்கார்ந்தார். ஒன்றும் படியவில்லை. மணியை எண்ணச் சொன்னால், இந்த மணியை எந்த ஊரில் வார்த்திருப்பார்கள் என்ற யோசனையில் எண்ணிக்கை காணாமல் போகும். கேள்வியை மட்டும் விடவில்லை. குறைவா, வேறயா? கேட்கும்போதெல்லாம் திலகவதி, "அந்தக் கல்லுகளைப் பொறுக்குங்க அண்ணாச்சி" என்பார். அவரும் பொறுக்குவார். இதுதான் பதிலோ என்று ஒரு வாரம் முழுக்க மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டதும் உண்டு. இல்லை, கல் சிதறிக் கிடந்தது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி முப்பிடாதி அவருக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நாளைக்கு நான் மதுரைக்குப் போகணும். திரும்பி வர ஒரு வாரம் ஆகும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. விட்டுட்டுப் போகட்டுமா, கூட்டிட்டுப் போகட்டுமா? நீங்களே சொல்லுங்க."

உங்களை நம்பி விட மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாயங்காலம் சொல்வதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அன்றைக்கு மண்டபத்தில் பெற்றோர்களுக்காக ஒரு நிகழ்ச்சி. திலகவதியே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், "கல்லு கோமதிநாயகம் அண்ணாச்சி எறியட்டும்" என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமதிநாயகம் கல் பையோடு அவருக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் போய் நின்றார்.

"எண்ணிக்கிட்டே எறியுங்க அண்ணாச்சி. கடைசியில சரி பாக்கணும்."

நிகழ்ச்சி முடிந்தது. திலகவதி வெண்பாவைச் சொன்னார், கணக்குகளைச் சொன்னார், மணியைச் சொன்னார். "கல்லு பத்தொம்பது" என்றார். மண்டபம் கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பியது.

"சரியா அண்ணாச்சி?"

"தெரியலியே, டீச்சர்."

சிரிப்பு எழுந்தது. "நல்ல ஆளாப் பாத்துப் பிடிச்சிருக்காங்க" என்று யாரோ ஒரு தகப்பனார் சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. ஒரு மாணவி கீழே கிடந்த கற்களைப் பொறுக்கி எண்ணிவிட்டு, பத்தொன்பதேதான் என்றாள்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு, மாணவிகள் இரண்டு பேர் ஜமுக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் திலகவதிக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"டீச்சர், நான் இனி வீட்டுக்குப் போகலை."

"எங்க போறீங்க?"

"இங்கயே இருந்துக்கிடுதேன். மண்டபத்தைக் கூட்டுதேன், கல்லைப் பொறுக்குதேன். என்கிட்ட ஒரு பிள்ளையை விடக் கூடாது. பத்தொம்பது கல்லை விட்டுட்டேன், அவளை விட்டுர எவ்வளவு நேரமாகும்?"

"கல்லு எறியும்போது எதைப் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"உங்க காலை."

"காலையா?"

"முதல்ல எண்ணத்தான் செஞ்சேன். அப்புறம் பாத்தா, கல்லு விழும்போதெல்லாம் உங்க கால்விரல் ஒண்ணு மடங்குது. மணி அடிச்சா கால் அசையலை, கைக் கட்டைவிரல் நகருது. அதைப் பாத்ததும் எண்ணிக்கை போயிட்டு."

திலகவதி தன் கால்விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வருஷக்கணக்கா மேடை ஏறுதேன். இதை யாரும் என்கிட்டச் சொன்னதில்லை."

"அப்ப நீங்க மனசுல எண்ணலியா?"

"மனசை நம்பியிருந்தா என்னைக்கோ கவுந்திருப்பேன். கல்லைக் காலுக்குக் கொடுத்தாச்சு. மணியைக் கைக்குக் கொடுத்தாச்சு. மனசு வெண்பாகிட்டப் போயிரும்."

"அப்ப கல்லு மேல உங்களுக்குக் கவனம் இல்லையா?"

"இல்ல."

"ஆனா சரியாச் சொன்னீங்களே?"

"சொன்னேன்."

கோமதிநாயகத்துக்குத் தலை கிறுகிறுத்தது. எட்டு இருக்கிறது, ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று வந்த இடத்தில், இருப்பதே ஒன்றுதான், அதுவும் நின்ற இடத்தில் நிற்காது என்கிறார். இதற்கா இத்தனை மாதம் பஸ் ஏறி வந்தோம் என்று அவருக்குக் கோபமே வந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"என்ன ஆச்சு?" என்றார் திலகவதி.

"கீழ மாவு மில்லு சத்தம் நின்னுட்டு."

திலகவதி மாணவிகளைக் கூப்பிட்டார். "மில்லு நின்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எந்த மில்லு, டீச்சர்?"

திலகவதி மறுபடி கோமதிநாயகத்திடம் கேட்டார்: "எப்ப ஓட ஆரம்பிச்சுது?"

"தெரியாது. ஓடிக்கிட்டிருந்ததே எனக்குத் தெரியாது."

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் கல் பையின் வாயைக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "பாப்பா கொலுசு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கா. முத்து இல்லாத கொலுசு."

"முத்து வச்சது இல்லையா?"

"இருக்கு. அவ மாமா வாங்கிப் போட்டது. வீடு முழுக்கச் சலசலன்னு ஓடுவா. அந்தச் சத்தத்துல எனக்கு ஒரு வேலையும் ஓடாது. நான்தான் கழட்டச் சொன்னேன்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

"திருப்பிப் போடுங்க."

"எரிச்சலா வருமே, டீச்சர்."

"ரெண்டு நாள் வரும்."

"அப்புறம் பழகிரும். பழகிட்டா என் காதுல விழவே விழாது. என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"விழ வேண்டாம்."

கோமதிநாயகம் அவரையே பார்த்தார். விளையாடுகிறாரா என்று தெரியவில்லை. "டீச்சர், நான் கேட்டது குறைவா, வேறயான்னு. நீங்க கொலுசு போடச் சொல்லுதீங்க. காதுல விழ வேண்டாம்னும் சொல்லுதீங்க. எனக்கு ஒரு இழவும் புரியலை. நாளைக்கு அவ அம்மா ஊருக்குப் போறா. சாயங்காலத்துக்குள்ள நான் பதில் சொல்லணும்."

"மில்லு ஓடினது உங்களுக்குக் கேட்டுச்சா அண்ணாச்சி?"

"இல்ல."

"நின்னது?"

"அது மட்டும் கேட்டுச்சு" என்றார் கோமதிநாயகம். மாணவிகள் ஜமுக்காளத்தை மூலையில் வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"நீ போயிட்டு வா" என்றார். "பிள்ளை என்கூட இருக்கட்டும். போறதுக்கு முன்னால அவளுக்கு அந்த முத்து வச்ச கொலுசை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுட்டுப் போ."