உலர்திராட்சைக்கு முப்பது பேர்

“புயல் ஓய்ந்த மறுநாளை நம்பாதே, வெயிலைப் பார்த்து...” என்று பழைய காவலர் ஏதோ சொல்வார். பின்பாதி ரிஞ்சனுக்கு மறந்துவிட்டது. முன்பாதியே அவனுக்குப் போதுமாக இருந்தது.

கேளுங்கள். பனிமலைகளுக்கு நடுவே வெகுகாலத்துக்கு முன் ஒரு ராஜ்ஜியம். அதன் கணவாய்க்குக் காவலன் இந்த ரிஞ்சன். அவன் திறந்தால்தான் பாதை.

அந்தக் குளிர்காலத்தில் மூன்று புயல்கள் அடித்தன. மூன்று முறையும் ரிஞ்சன் சரிவில் குழி தோண்டிப் பார்த்தான். மேலே கெட்டிப் பனி; அடியில் சர்க்கரைபோல ஒட்டாமல் உதிரும் பனி. ஆள் மிதித்தால் மேல்பனி மொத்தமாகச் சரிந்து ஆளைப் புதைத்துவிடும். மூன்று முறையும் பாதையை அடைத்தான். முதல் இரண்டு முறை ஒரு பிடி பனிகூடச் சரியவில்லை.

மூன்றாம் முறை மந்திரியே வந்துவிட்டார். ராஜாவின் பிறந்தநாள் விருந்துக்கு மலைக்கு அப்பாலிருந்து உலர்திராட்சை வேண்டுமாம். சுமைகாரர்கள் முப்பது பேரையும் வரிசையில் நிறுத்தியிருந்தார்.

“இரண்டு தடவை அடைத்தாயே, என்ன விழுந்தது?”

“ஒன்றும் விழவில்லை, ஐயா.”

“பிறகென்ன? வெயில் பல்லைக் காட்டுகிறது. பயந்தாங்கொள்ளி!”

சுமைகாரர்களின் தலைவி பல்மோ சிரித்தாள். “திராட்சைக்கு முப்பது உயிரா? விருந்து ருசியாகத்தான் இருக்கும்!”

ரிஞ்சன் மண்வெட்டியைப் பனியில் ஓங்கிக் குத்தினான். யாரும் சாகாததையே குற்றமாகச் சொல்கிறாரே இந்த மனிதர்! முப்பது பேரும் வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்தது இவர் கண்ணில் படவே இல்லையா?

“திறக்கிறேன், ஐயா. ஆனால் இந்தக் கணவாயில் ஒரு வழக்கம். காவலன் அடைத்ததைத் திறக்கச் சொல்பவர்தான் முதலில் நடக்கவேண்டும். வாருங்கள்.”

மந்திரி சரிவைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார்.

“எனக்கு அரண்மனையில் ஆயிரம் வேலை” என்று குதிரையைத் திருப்பினார்.

“ஐயா காலில் முள் குத்திவிட்டது போல!” என்றாள் பல்மோ.

அன்றும் பனி சரியவில்லை. மாலையில் அரண்மனைச் சேவகன் ஓலை கொண்டுவந்தான்: ‘வழக்கமும் வேண்டாம், கிழக்கமும் வேண்டாம். நாளைக் காலை பாதை திறக்காவிட்டால் உன் வேலை போகும்.’

விடிந்ததும் ரிஞ்சன் மறுபடி குழி தோண்டினான். அடிப்பனி இன்னும் விரலிடுக்கில் உதிர்ந்தது.

தான் கால்வைக்க அஞ்சும் இடத்துக்குப் பிறரைப் போகச்சொல்ல, எவ்வளவு பெரிய மனிதருக்கும் உரிமை இல்லை.

ரிஞ்சன் பாதையை அடைத்தே வைத்தான்.