மகிழ மரத்தைச் சுற்றி ஒரு தளம்

சிறுமலை அடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்தில் சீடராகச் சேர ஒரே வழக்கம்தான். வந்தவர் தன் கையால் ஏதாவது ஒன்று செய்து வைக்க வேண்டும். ஆசிரமத்தின் குரு அபரஞ்சி அம்மா அதை எடுத்துப் பயன்படுத்திவிட்டால் அவர் சீடர். தொடாமல் விட்டால், இன்னும் இல்லை. ஏன் என்று அம்மா சொல்ல மாட்டார்.

குணசீலன் கொல்லைப்புறத்தில் எல்லாரும் உட்கார ஒரு மரத்தளம் போட்டுவைத்தார். அம்மா அதில் கால்கூட வைக்கவில்லை.

மனிதருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஊரில் பெரிய பெரிய வீடுகளாகக் கட்டிக்கொடுத்தவர் அவர். சிமென்ட்டைக் கொட்டிக் கொட்டி மனசு விட்டுப்போய், இனி மண்ணுக்குப் பாரமாக எதையும் கட்டுவதில்லை என்று வந்தவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். அதையும் பாராமல் வந்து காலில் விழுந்தவர்.

தளத்துக்காக அவர் ஒரு மரம் வெட்டவில்லை. இடித்துப்போட்ட ரைஸ்மில் ஒன்றின் உத்தரங்களை வாங்கிவந்து, ஆணி பிடுங்கி, இழைத்துப் பலகையாக்கினார். கால்களுக்குப் பட்டுப்போன பனை. அடியில் சிமென்ட் கிடையாது, கருங்கல்தான். கரையான் அண்டாமல் முந்திரிக்கொட்டை எண்ணெய். மழைத் தண்ணீர் மண்ணுக்கு இறங்கப் பலகைகளுக்கு நடுவே சந்து.

கொல்லைப்புறத்தின் நடுவே ஓர் இளம் மகிழ மரம் நின்றது. அதை வெட்டாமல் அதைச் சுற்றியே தளத்தைப் போட்டார். அங்கேதான் அவர் தன் கைவேலையைக் காட்டினார். தண்டின் நெளிவைக் கம்பியால் அளவெடுத்து, பலகையை உளியால் அப்படியே செதுக்கி ஒட்டவைத்திருந்தார். எறும்புகூட இறங்க முடியாது. வந்தவர்கள் எல்லாரும் குனிந்து அந்த இடத்தைத்தான் தடவிப் பார்த்தார்கள். மரம் பலகையிலிருந்தே முளைத்த மாதிரி இருக்கிறது என்றார்கள்.

அம்மாவும் வந்து பார்த்தார். ஓரமாக நின்று அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் வெறும் தரையில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

சரி, அதோடு விட்டாலும் பரவாயில்லை. குணசீலனுக்குப் பிறகு பெரியதம்பி என்று ஒருவர் வந்தார். ஓலை ஈர்க்கைச் சேர்த்து ஒரு விளக்குமாறு கட்டிவைத்தார். மறுநாள் காலையில் அம்மா அதை எடுத்து வாசல் பெருக்கினார். பெரியதம்பி சீடராகிவிட்டார்.

விளக்குமாறு! குணசீலனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தரையெல்லாம் சேறு. அப்போதும் அம்மா தளத்தில் ஏறவில்லை. சமையல்கட்டிலேயே உட்கார்ந்து பேசினார். மழை விட்ட ஒரு காலை நேரத்தில் குணசீலன் நேரே அங்கே போய் நின்றார்.

"அம்மா, எனக்கு ஒண்ணு தெரியணும்."

"கேளுங்க," என்றார் அம்மா. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"விளக்குமாத்துல என்ன இருக்கு? என் தளத்துல என்ன இல்ல?"

அம்மா அடுத்த கீரைத் தண்டை எடுத்தார்.

"அழகா இல்லையா?"

"அழகா இருக்கு."

"ஒரு மரம் வெட்டினேனா?"

"வெட்டல."

"ஒரு சட்டி சிமென்ட் போட்டேனா?"

"போடல."

"அப்புறம் ஏன் உக்கார மாட்டேங்கறீங்க? இத்தனை வருஷம் நான் கட்டினதுல எதையும் நெனச்சுப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல. உருப்படியாச் செஞ்சது இது ஒண்ணுதான்னு நெனச்சேன். இதுவும் ஆகாதுன்னா எனக்கு இங்க என்ன வேலை? சொல்லிடுங்க. இன்னிக்கே பஸ் ஏறிடறேன்."

அழுகையை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினார்.

"வாயைத் திறந்து காரணம் சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?"

அம்மா பதில் சொல்வதற்குள் தூளியில் கிடந்த குழந்தை வீறிட்டது. ஆசிரமத்தில் சமைக்கும் செல்லக்கிளியின் பிள்ளை அது. செல்லக்கிளியின் இரண்டு கையிலும் மாவு.

"கொஞ்சம் தூக்குங்க," என்றார் அம்மா குணசீலனிடம்.

நேரங்கெட்ட நேரத்தில் பிள்ளை தூக்கவும் நானா என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் தூக்கினார். குழந்தை அடங்கவில்லை. சட்டையை விலக்கிப் பார்த்தார். அரைஞாண் கயிறு இடுப்புச் சதையில் பதிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம்.

இருந்த கோபமெல்லாம் அந்தக் கயிற்றின் மேல் திரும்பியது.

"யாரு இதைக் கட்டினது?"

"என் தம்பிதாங்கய்யா," என்றாள் செல்லக்கிளி. "தாய்மாமன்ல, ஆசையா வாங்கிட்டு வந்து கட்டினான். தொங்கினா நல்லா இருக்காது, ஒட்டினாப்பல இருந்தாத்தான் அழகுன்னான்."

"அழகு! என்ன பெரிய அழகு? பிள்ளை கத்துறது காதுல விழலையா? அந்தக் கத்தியைக் குடுங்க."

விரலை உள்ளே நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. குழந்தைக்குப் படாமல் கயிற்றைக் கிள்ளி இழுத்து அறுத்தார். குழந்தை ஒருமுறை விம்மிவிட்டு ஓய்ந்தது. அம்மா உறியிலிருந்து ஒரு புதுக் கயிறு எடுத்து நீட்டினார். குணசீலன் இடுப்போடு இரண்டு விரலையும் சேர்த்து வைத்து, தளர்வாக முடிச்சுப் போட்டார்.

"தொங்குதே," என்றார் அம்மா.

"தொங்கட்டும்! நாளுக்கு நாள் வளர்ற உடம்பும்மா இது. இன்னிக்கு அளவைப் பார்த்து இறுக்கினா நாளைக்கு என்ன ஆகும்? இதுகூடத் தெரியாதவன் எதுக்குக் கயித்தைக் கையில எடுக்கணும்? அவன்லாம் ஒரு மாமன்!"

அம்மா எழுந்து கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார்.

மழையில் நனைந்த தளம் பளபளவென்று கிடந்தது. மகிழம்பூ உதிர்ந்திருந்தது. குணசீலன் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். அவர் வாய் இன்னும் எதையோ திட்டத் திறந்திருந்தது. அது மெல்ல மூடிக்கொண்டது.

குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். தளத்தில் ஏறி மரத்தடியில் மண்டியிட்டார். தண்டுக்கும் பலகைக்கும் நடுவே விரலை வைத்தார். நுழையவில்லை. நகத்தை வைத்தார். அதுவும் நுழையவில்லை. மழைக்குப் பலகை ஊதி, பட்டை நசுங்கி, ஓரத்தில் பால் கசிந்திருந்தது.

ஓடிப்போய் ரம்பமும் உளியும் எடுத்துவந்தார். ஊரே தடவிப் பார்த்த அந்த விளிம்பை அறுத்தார். தன்னைத்தானே திட்டிக்கொண்டே அறுத்தார். நேர்த்தியான நெளிவெல்லாம் தூளாகி மண்ணில் விழுந்தது. ஒரு சுற்று அறுத்து முடித்தபோது பாதி ராத்திரிவரை கண்விழித்துச் செதுக்கியவை எதுவும் மிச்சமில்லை.

இன்னும் எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தார். தளத்தின் மேல், மரத்தூளுக்கு நடுவே, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

குணசீலன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"எவ்வளவு இடம் விடணும்மா?"

"இவனுக்கு யாரைக் கேட்டு விட்டீங்க?" என்றார் அம்மா.