கடிக்க வந்தவனைக் கட்டிக்கொண்ட வெருளி

விலங்குகளெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. குரங்குகளும் பேசின. ஆனால் அவை வாயைத் திறந்ததெல்லாம் பெரும்பாலும் திட்டுவதற்குத்தான். மற்ற நேரத்தில் கடிப்பதற்கு.

ஒரு மலையடிவாரத்தில், ஓடைக்கு மேலே சாய்ந்து நின்ற பெரிய அத்திமரத்தில் இருபத்தேழு குரங்குகள் இருந்தன. கடுவாயன்தான் தலைவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவனைக் கடிப்பான், அவ்வளவுதான். கடிபட்டவன் தலைவனைத் திருப்பிக் கடிக்க முடியுமா? தனக்குக் கீழே இருப்பவனைக் கடிப்பான். அவன் தனக்குக் கீழே இருப்பவளை. இப்படியே காலையில் கடுவாயன் காலில் முள் குத்தினால், உச்சிவேளைக்குள் அந்த வலி கடைசிக் குரங்கின் காதுக்கு வந்து சேரும்.

அந்தக் கடைசிக் குரங்கின் பெயர் வெருளி. அவனுக்குக் கீழே யாரும் இல்லை. கடி வாங்கியதும் அவன் மரப்பட்டையைக் கடிப்பான். பட்டை கசக்கும்.

இதனால் அந்த மரத்தில் யாரும் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை. ஆளுக்கொரு கிளை. மழைக்காலத்தில் தாய்க் குரங்குகள் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தனித்தனியே நடுங்கும். போன மழையில் மட்டும் மூன்று குட்டிகள் விறைத்துச் செத்தன. அதில் ஒன்று செம்பி என்பவளுடையது.

"நாலு பேரு நெருங்கி உட்கார்ந்திருந்தா என் குட்டி பிழைச்சிருக்கும்," என்று அவள் அழுதாள்.

"யாரை நம்பி நெருங்குறது?" என்று கேட்டாள் பக்கத்துக் கிளைக்காரி.

ஒரு நாள் காலையில் கடுவாயன் பழுத்த அத்திப்பழத்தைப் பறிக்கப் போனான். பழத்தின்மேல் உட்கார்ந்திருந்த குளவி அவன் மூக்கில் கொட்டிவிட்டது. மூக்கு கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. அவன் போட்ட அலறலில் கூட்டம் முழுவதும் நாலாபக்கமும் சிதறி ஓடியது.

வெருளி ஓடவில்லை. தன் முறை வர எப்படியும் மதியமாகிவிடும் என்று எண்ணி, ஓடைக்கு மேல் நீண்டிருந்த கிளை நுனியில் உட்கார்ந்து இளந்தளிர் தின்றுகொண்டிருந்தான். கிளை ஆடியதும் திரும்பினான். கடுவாயன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, நடுவுல இருபத்தஞ்சு பேரு இருக்காங்களே!"

"ஒருத்தரையும் காணோம். நீதான் இருக்கே."

பின்னால் போக இடமில்லை. கீழே ஓடைப் பாறை. கடுவாயன் பாய்ந்த வேகத்தில் வெருளி இருந்த நுனி மட்டும் மளுக்கென்று முறிந்தது. வெருளி கண்ணை இறுக மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்டதைப் பிடித்தான். அகப்பட்டது கடுவாயனின் கழுத்து.

"விடுடா!"

"விட்டா விழுந்துடுவேன் அண்ணே."

"விடலேன்னா கடிப்பேன்!"

"கடிங்க. ஆனா விடமாட்டேன்."

கடுவாயன் வாயைத் திறந்தான். வெருளியின் தலையோ அவன் மோவாய்க்குக் கீழே புதைந்து கிடந்தது. பல்லுக்கு ஒன்றும் எட்டவில்லை. வாயை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். சப், சப், சப் என்று சத்தம்தான் வந்தது.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. அவன் நெஞ்சோடு ஒரு சின்ன நெஞ்சு ஒட்டிக்கொண்டு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தாய்மடியை விட்டு இறங்கிய நாளிலிருந்து அவனை யாரும் இப்படித் தொட்டதில்லை. அவன் கை தானாக எழுந்து வெருளியின் முதுகை அணைத்தது. மூக்கு வலித்துக்கொண்டுதான் இருந்தது. கோபத்தைத்தான் காணோம்.

தூரத்தில் ஒளிந்திருந்தவர்கள் மெல்ல எட்டிப் பார்த்தார்கள்.

"தலைவர் என்னமோ தின்னுறாரே," என்றாள் செம்பி.

"சப்புக்கொட்டுறதைப் பார்த்தா நல்ல சாமான் போல. கட்டிப்பிடிச்சாத்தான் கிடைக்கும்போல இருக்கு," என்றான் நெட்டைவாலன். கூட்டத்தில் அவன்தான் இரண்டாமவன். தலைவன் செய்வதைத் தான் செய்யாவிட்டால் இடம் பறிபோய்விடுமே என்று அவனுக்குப் பயம். பக்கத்தில் இருந்தவனை இழுத்துக் கட்டிக்கொண்டு சப்புக்கொட்டினான்.

"ஐயோ, கொல்றான்!" என்று பிடிபட்டவன் கத்தினான். கடி விழவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தான். அப்போதும் விழவில்லை. திகைப்பு மாறாமலே எழுந்து போய் அவனும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அவள் இன்னொருத்தனை. உச்சிவேளைக்குள் மரம் முழுக்கச் சப்புக்கொட்டும் சத்தம்.

"ருசியா ஒன்னுமே வரலையே," என்றாள் பக்கத்துக் கிளைக்காரி, செம்பியின் தோளில் முகத்தை வைத்தபடி.

"பேசாம இரு," என்றாள் செம்பி. "கையை மட்டும் எடுத்துடாதே."

அந்த வருட மழையில் அவர்கள் ஒரே கிளையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். குட்டிகளை நடுவில் வைத்துக்கொண்டார்கள். ஒரு குட்டியும் சாகவில்லை.

கடுவாயன் திருந்திவிட்டான் என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் வந்தால் கடிக்கத்தான் செய்தான். ஆனால் கடித்த இடம் ஆறுவதற்குள் அசடு வழியத் திரும்பி வந்து கட்டிக்கொள்வான். அவனைப் பார்த்துக் கூட்டமும் அதையே பழகிக்கொண்டது.

அடித்துக்கொண்ட குரங்குகள் கொஞ்ச நேரத்தில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு வெறும் வாயைச் சப்புக்கொட்டுகின்றனவே, அது அன்றைக்குத் தொடங்கியதுதான்.