கரும்புள்ளி இல்லாத சூரியன்

ராயப்பன் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவர். ஒருமுறை நடுக்கடலில் கப்பல் சமையல்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. ராயப்பன் உதவி கேட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே ரேடியோ அடியோடு ஓய்ந்துபோனது. சூரியனில் எழுந்த புயல்தான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். சமையல்காரர் பிழைக்கவில்லை.

நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டு, சூரியப் புயலைப் பற்றிப் படிக்க மலைமேல் இருந்த ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆசிரியர் இசக்கியம்மாள். ராயப்பனைவிட வயதில் சிறியவர். அதிகம் பேசமாட்டார்.

வந்த நேரம் சரியில்லை. பத்துப் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை சூரியன் அடங்கிக் கிடக்குமே, அந்தக் காலம். பெரிய புயல்கள் கிளம்புவது பெரும்பாலும் கரும்புள்ளிகளின் பக்கமிருந்துதான். மாதக்கணக்கில் ஒரு புள்ளிகூடத் தென்படவில்லை. ராயப்பன் தினமும் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்புவார். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சூரியன் திரையில் வந்து நிற்கும்.

ஒருநாள் காலை கத்திவிட்டார்.

"மேடம்! புள்ளி வந்திருச்சு!"

இசக்கியம்மாள் வந்து பார்த்தார். சூரியனின் ஓரத்தில் கறுப்பாய் ஒரு பொட்டு. அவர் தொலைநோக்கியை லேசாக நகர்த்தினார். திரையில் சூரியன் நகர்ந்தது. பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

கேமராக் கண்ணாடியில் தூசு.

ராயப்பனின் முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லியிருப்பேன் மேடம்."

"சொல்லலையே."

"எனக்கு இது ஒத்துவராது. செத்துப்போன ஒரு மனுசனுக்காக வந்தேன். இங்க பார்க்க ஒண்ணுமே இல்ல. நான் கிளம்புறேன். புயல் வந்தா சொல்லி அனுப்புங்க, வர்றேன்."

இசக்கியம்மாள் துணியெடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பெரிய தொலைநோக்கியைச் சூரியனின் நடுவில், வெறுமையான ஓர் இடத்துக்குத் திருப்பினார். அந்த இடம் மட்டும் பெரிதாகித் திரை முழுக்க வந்தது.

"இது எந்த இடம்?"

"புள்ளி இல்லாத இடத்துக்கு அமைதிப் பகுதின்னு பேருன்னு படிச்சேன் மேடம்."

"பாருங்க."

"ஒண்ணுமில்ல."

"கிட்ட வந்து பாருங்க."

ராயப்பன் குனிந்தார். வெறுமை அசைந்தது. உலையில் அரிசி கொதித்து மேலே வருவதுபோல, பளீரென்ற திட்டுகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தன. அவற்றுக்கு நடுவே இருண்ட இடுக்குகள்.

"ஏதாவது ஒண்ணை வச்சுக்குங்க. கண்ணை எடுக்காதீங்க."

அவர் ஒரு திட்டைத் தேர்ந்தெடுத்தார். அது சில நிமிடங்களில் மெல்ல வீங்கியது. நடுவில் இருண்டது. இரண்டாகப் பிளந்தது. எந்தப் பாதியைப் பார்ப்பது என்று அவர் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே இரண்டுமே மங்கிக் காணாமல் போயின. அங்கே வேறொன்று வந்து பொங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு பெரிசு மேடம் அது?"

"நம்ம தமிழ்நாடு உள்ள அடங்கிரும்."

ராயப்பன் திரும்பி அவரைப் பார்த்தார்.

"இந்த மாதிரி எங்கெல்லாம் இருக்கு?"

"சூரியன் முழுக்க."

"புயல் இல்லாத நாள்லயுமா?"

"எல்லா நாளும்."

ராயப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னொரு திட்டைப் பிடித்தார். அதையும் தவறவிட்டார். மறுபடி ஒன்று. வெகுநேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இதுக்குப் போய் அமைதின்னு யாரு மேடம் பேர் வச்சது?"

"தூரத்துல இருந்து பார்த்தவங்க" என்றார் இசக்கியம்மாள்.