மழைக்கு அடிபடக் கூடாது

மஞ்சப்பாறை வனச் சாவடியின் நுழைவு வளைவில் கடமான் உதிர்த்த கொம்பு ஒரு ஜோடி. அதன் நடுவே, காட்டில் செத்துக் கிடந்த காட்டெருமையின் மண்டையோடு. போன மழையில் மண்டையோட்டில் பாசி பிடித்தது. வெயிலில் கொம்பு சுண்ணாம்பாக வெளுத்து, நுனியில் விரிசல் விட்டது.

"இந்த மழையிலயும் கெட்டுச்சுன்னா, கேட் காவலுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன். நீங்க மேல் முகாமுக்குப் போங்க," என்று வனவர் தமயந்தி காவலர் சவரிமுத்துவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று பார்க்க வருகிறார்.

மேல் முகாம் என்றாலே சவரிமுத்துவுக்குக் கால் அரிக்கும். அங்கே மனிதர்களைவிட அட்டைகள் அதிகம். கதை கேட்கவும் ஆள் கிடையாது.

அதனால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்தார். நிழலில் காயவைத்தார். இரண்டு தடவை வார்னிஷ் பூசினார். செய்தது அவ்வளவுதான். ஆனால் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து இதை அப்படியே சொல்ல அவரால் முடியுமா?

"என் மருந்து பூசினதுல இருந்து மழைத்துளி அதுல நிக்கிறதே இல்ல," என்று ஆரம்பித்தார். "நேத்து ஒரு காக்கா வந்து உக்காந்துச்சு. வழுக்கிட்டு உருண்டு விழுந்துச்சு."

"காக்காவுக்கு ரெக்கை இல்லையா அண்ணாச்சி?" என்றார் லாரி ஓட்டும் தங்கையா.

"ரெக்கையும் சேர்ந்துதான்யா வழுக்குச்சு! முள்ளம்பன்றி கதை தெரியுமா? கொம்பைக் கொறிக்க வந்துச்சு. பல்லு பூரா உதிர்ந்துபோச்சு. இப்ப பாவம், பன்னை டீல முக்கித்தான் தின்னுது."

"என் கடைக்கு வந்து கேக்கலையே!" என்றாள் கடைக்கார லில்லிபுஷ்பம்.

"வெக்கம் தங்கச்சி, வெக்கம். அதை விடு. வெயில் இருக்கே, அது கொம்புல பட்ட வேகத்துல திரும்பி எதிர்மலைக்குப் போயிடுச்சு. அங்க எஸ்டேட்ல தேயிலை செடியிலயே காஞ்சு தூளா நிக்குது. இனிமே பாக்டரி எதுக்குன்னு மேனேஜர் அழுவுறாரு."

தங்கையா டீயைத் துப்பாமல் விழுங்கப் பாடுபட்டார்.

"கொம்பாவது பரவாயில்ல," சவரிமுத்து குரலைத் தாழ்த்தினார். "அந்த மண்டையோட்டுக்குத் தெம்பு வந்துட்டுதுய்யா. விடிஞ்சு பார்த்தா சாவடியைச் சுத்திப் புல்லையே காணோம். கீழ சாணி கிடக்கு!"

"வயிறே இல்லாத எருமைக்குச் சாணி எப்படி அண்ணே வரும்?" என்றாள் லில்லிபுஷ்பம்.

"பின்ன, காலையில உன் வாசல்ல தெளிச்சியே, அது எங்க கிடைச்சுச்சு?"

அவள் பதிலுக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"ரொம்ப சந்தோஷம் அண்ணே."

வனவர் தமயந்தி! ஜீப்பைத் திருப்பத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"மழை ஒட்டாது, வெயில் சுடாது, முள்ளம்பன்றி அண்டாது. அப்புறம் இதுக்குக் காவல் எதுக்கு? நாளைக்கே மேல் முகாமுக்குக் கிளம்புங்க."

அந்த நேரம் பார்த்துச் சடசடவென்று மழை பிடித்தது. அவ்வளவுதான்! சவரிமுத்து ஒரே ஓட்டமாக வளைவுக்கு ஓடி, ஒரு ஸ்டூலில் ஏறினார். தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கொம்பையும் மண்டையோட்டையும் சேர்த்துப் போர்த்தினார். காற்று பிடுங்கிவிடாமல் இருக்க அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொப்பலாக நனைந்தார்.

தமயந்தி குடையோடு கிட்டே போய், கோட்டைத் தூக்கிப் பார்த்தார். பாசி இல்லை. புது விரிசல் இல்லை. உள்ளே சொட்டு ஈரம் இல்லை.

"மழைதான் இதுல நிக்காதே. கோட்டு எதுக்கு அண்ணே?"

சவரிமுத்து முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்து எறிந்தார்.

"இது கொம்புக்கு இல்ல மேடம். மழைக்கு. பாவம், அவ்வளவு ஒசரத்துல இருந்து வருது. என் கொம்பு மேல விழுந்தா அதுக்கு அடிபட்டுடும்ல?"

தமயந்தி சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டார்.

"அப்ப மழையைப் பார்த்துக்க இங்க ஒரு ஆள் வேணும். நீங்களே இருங்க. மேல போட ரெண்டு தகரம் அனுப்புறேன்."

"மேடம்!" டீக்கடையிலிருந்து லில்லிபுஷ்பம் கத்தினாள். "கூரையைக் கொஞ்சம் ஒசத்திப் போடச் சொல்லுங்க. ராத்திரி மேயப் போறப்ப எருமைக்குத் தலை இடிக்கும்!"