வெற்றிலைப்பெட்டியில் வந்த நானூறு யானைகள்

வரகுணசேனர் என்று ஒரு ராஜா. அவர் அரண்மனையில் யானை உண்டு, குதிரை உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. ராஜா காலத்தில் கம்ப்யூட்டர் ஏது என்று கேட்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் வீடியோ ஓட்ட ஒரு புரோகிராம் இருந்தது. அதை யாரும் பூட்டி வைக்கவில்லை. அதன் ஒவ்வொரு வரியையும் எழுதிக் கடைத்தெரு மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். யாரும் படிக்கலாம், எடுத்துப் போகலாம், தப்பு கண்டால் திருத்தம் எழுதிப் பக்கத்தில் ஒட்டலாம். ஓடக்காரர் ஒருவர் திருத்தியிருக்கிறார். வெற்றிலை விற்கும் பேச்சியம்மாள் மூன்று முறை திருத்தியிருக்கிறாள். நல்ல திருத்தங்களைப் பார்த்துச் சேர்ப்பது இடும்பன் வேலை. இடும்பன் ராஜாவைச் சிரிக்க வைக்கச் சபைக்கு வந்தவன். பள்ளிக்கூடம் அவனுக்கு அவ்வளவாக ஒத்துக்கொள்ளவில்லை.

ராயசம் கோதண்டத்துக்கு இது பொறுக்கவில்லை. ராயசம் என்றால் அரண்மனை எழுத்து வேலைக்கெல்லாம் தலைவர். நாலு பட்டம் வாங்கியவர். அதை அவர் வாயால் கேட்காதவர் அந்த ஊரில் இல்லை. தெருவில் போகிறவன் எல்லாம் கை வைக்கிற புரோகிராமை அரண்மனைக்குள் கொண்டுவந்து தன் முத்திரை போட்டுப் பூட்ட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

ஒருநாள் கடல் கடந்து கட்டிக்கொடுத்த இளவரசியிடமிருந்து வீடியோ வந்தது. அவளுக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம். ராஜா இன்னும் பேரன் முகம் பார்க்கவில்லை. மகாராணியை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே பொத்தானை அமுக்கினார். கம்ப்யூட்டர் பெருமூச்சு விட்டது. உறுமியது. அப்படியே நின்றுபோனது. மூன்று முறை அமுக்கினார், மூன்று முறையும் அதே கதை.

ராஜாவுக்கு வந்த கோபத்தில், நாளைச் சாயங்காலத்துக்குள் பேரன் முகம் தெரியாவிட்டால் இடும்பன் நாட்டை விட்டே போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். கோதண்டம் மீசையைத் தடவிக்கொண்டார்.

இடும்பன் ஃபைலைப் பிரித்துப் பார்த்தான். வீடியோ ஃபைல் என்பது ஒரு பெரிய பெட்டி. அதற்குள் சின்னச் சின்னப் பெட்டிகள். படம் ஒன்றில், சத்தம் ஒன்றில், கீழே ஓடும் எழுத்து ஒன்றில். ஒவ்வொன்றின் மேலும் உள்ளே என்ன, எவ்வளவு என்று ஒரு சீட்டு. எழுத்துப் பெட்டியின் சீட்டு எப்படியோ கெட்டுப்போய், உள்ளே நாலாயிரம் கோடி எழுத்து என்று சொன்னது. புரோகிராம் அதை நம்பி, அத்தனைக்கும் இடம் ஒதுக்கப் போய் மூச்சு முட்டி நின்றது.

நம்புவதற்கு முன் வெளிப்பெட்டி எத்தனை பெரியது என்று பார்த்துக்கொள், அதில் அடங்காத சீட்டு பொய்ச் சீட்டு. இப்படி ஒரு திருத்தம் எழுதினான். அதற்குள் பேச்சியம்மாள் இன்னொன்று ஒட்டியிருந்தாள். அழுகின வெற்றிலைக் கட்டை ஒதுக்கிவிட்டு அடுத்த கட்டைப் பிரி என்று. தினமும் அவள் செய்கிற வேலைதானே.

இரண்டையும் சபையில் வைத்தபோது கோதண்டம் எழுந்தார். சீட்டை நம்பி முதலில் இடம் ஒதுக்கு, பிறகு பெட்டியைத் திற என்பது ராஜ முத்திரை வைத்த விதி. அதை எழுதியதற்குத்தான் அவருக்கு நாலாவது பட்டமே கிடைத்தது. முத்திரை வைத்ததைச் சந்தேகப்படலாமா என்று அவர் கேட்க, ராஜா யோசனையில் விழுந்தார்.

இடும்பன் வாதாடவில்லை. "நல்ல விதிதான் மகாராஜா. நாளை ஒரு நாள் அரண்மனை வாசலிலும் அதையே நடத்திப் பார்ப்போமே."

கோதண்டத்துக்கு உச்சி குளிர்ந்தது. எல்லாக் காவலுக்கும் எல்லாச் சாவடிக்கும் அவரே அந்த விதியை எழுதி அனுப்பினார். ஒரு நாளைக்குத்தான் என்று எழுத மட்டும் அவருக்குக் கை வரவில்லை.

காலையில் வாசலுக்கு ஒரு வெற்றிலைப்பெட்டி வந்தது. மேலே சீட்டு: உள்ளே யானை நானூறு.

காவலர் விதியைப் பார்த்தார். முதலில் இடம், பிறகு திறப்பு. லாயத்துக் குதிரைகளை வெளியே ஓட்டினார்கள். இடம் போதவில்லை. நந்தவனத்து வேலியைப் பிடுங்கினார்கள். சமையல்கட்டில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரை நாலு பேர் அண்டாவோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோதண்டத்தின் வீடும் மதிலுக்குள் இருந்ததால் அவர் மாமியாரைக் கட்டிலோடு கொண்டுபோய்த் தெருவில் வைத்தார்கள். அந்த அம்மாள் மருமகனின் நாலு பட்டத்துக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னார். கடைசியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜாவிடமே வந்துவிட்டார்கள். கையில் பாதி இட்லியோடு ராஜா வீதியில் நின்றார்.

"என்னடா இது?"

காவலர் பெட்டியைக் காட்டினார். ராஜா பார்த்தார். ஒரு சாண் நீளம்.

"ஏண்டா, இத்தனூண்டு பெட்டிக்குள் நானூறு யானை எப்படி அடங்கும்?"

கூட்டத்துக்குள்ளிருந்து இடும்பன் கையைக் கட்டிக்கொண்டு வந்தான். "அந்த ஒரு கேள்வியைத்தான் மகாராஜா, புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கேட்கக் கூடாது என்கிறார் ராயசம்."

ராஜா இட்லியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கட்டில்மேல் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் அங்கேயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

திருத்தங்கள் ஏறின. பொத்தானை அமுக்கியதும் பேரன் வந்தான். பொக்கை வாயைத் திறந்து சிரித்தான், காலை உதைத்தான், கேமராவின் மேலேயே ஒன்றுக்கு இருந்தான். படம் அத்தோடு நின்றது. சீட்டைக் கெடுத்தது யார் என்று சபைக்கு அப்போதுதான் விளங்கியது. மகாராணி அந்த இடத்தை மட்டும் பதினோரு முறை போடச் சொன்னார்.

இடும்பனுக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். புரோகிராம் மண்டபத்துச் சுவரிலேயே இருக்க வேண்டும் என்றான். கொடுத்தார். பேச்சியம்மாளுக்குப் பட்டுப்புடவை.

"யானைகளை என்ன செய்வது?" என்றான் இடும்பன்.

"சம்பந்தி வீட்டுக்குச் சீராகப் போகட்டும்" என்றார் ராஜா. "ராயசமே பத்திரமாக ஓட்டிக்கொண்டு போவார்."

கோதண்டம் வெற்றிலைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். துறைமுகம் ஒரு நாள் நடை. வழியில் பன்னிரண்டு சாவடி. ஒவ்வொரு சாவடியிலும் சீட்டைப் படித்துவிட்டு, நானூறு யானைக்கு இடம் ஒதுக்கி முடிக்கும்வரை அவரை உட்காரவைத்தார்கள். போனமாதம் விசாரித்தேன். மூன்றாவது சாவடியில்தான் இருக்கிறாராம்.