வையாபுரியின் சாறு விரதம்

கேள்வியோடு மடத்துக்கு வருகிறவர்கள் கையில் பெரிதாக எதையும் தூக்கி வருவதில்லை. மாற்றுத்துணி, ஒரு சீப்புப் பழம், அவ்வளவுதான். வையாபுரி எடை மிஷினோடு வந்தார்.

தர்மபுரியில் இரும்புக் கடை வைத்திருந்தவர். காலமெல்லாம் ஆணியும் கம்பியும் நிறுத்துப் போட்ட கை. ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார். தராசு அதற்குப் பிறகு சும்மா சாட்சிக்குத்தான். மனைவி சௌந்தரவல்லி போன பிறகு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மடத்தில் வந்து விழுந்தார்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சேர்வராயன் மலையடிவாரத்தில் இரண்டு ஓட்டு அறை, ஒரு சமையல்கட்டு, கொஞ்சம் காய்கறித் தோட்டம். படி இறங்கிப் போனால் கிணறு. கருப்பன் என்று ஒரு நாய். குஞ்சரியம்மா அங்கே தனியாக இருந்தார். வையாபுரியைவிடப் பத்து வயது சின்னவர்தான், ஆனாலும் வருகிறவர்கள் எல்லாரும் அம்மா என்றே கூப்பிட்டார்கள். அதிகம் பேசமாட்டார். இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று பாதியில் மூட்டை கட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு.

வந்த அன்றைக்கே வையாபுரி கேட்டுவிட்டார்.

"அம்மா, என் சம்சாரத்துக்கு வயித்துல கட்டி. மாசக்கணக்கா இருந்திருக்கு. சோறு இறங்கல. உடம்பு பாதியாப் போயிருக்கு. இவ்வளவு நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தீங்கன்னு டாக்டர் என்னைக் கேட்டாரு. எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவ ஏன் என்கிட்ட சொல்லல?"

குஞ்சரியம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசத் தெரியாதவளும் இல்ல. நல்லா கேப்பா. ராத்திரி சாப்பிடறப்ப கடையில நடந்ததெல்லாம் சொல்லுவேன். கரண்டியும் கையுமா நின்னு கேட்டுட்டே இருப்பா. அப்படிப்பட்டவ இதை மட்டும் ஏன் மறைச்சா?"

அம்மா வாயைத் திறந்தார். அதற்குள் வையாபுரிக்கு அடுத்தது ஞாபகம் வந்துவிட்டது.

"இப்ப எனக்கும் வயிறு சரியில்லம்மா. எதைத் தின்னாலும் கல்லாட்டம் நிக்குது. உள்ள அழுக்கு சேந்துடுச்சு. சாறு விரதம் இருந்து உடம்பைக் கழுவிடலாம்னு பார்க்கிறேன். உள்ள சுத்தமாயிட்டா நீங்க சொல்ற பதில் புரியும் இல்லையா?"

"கழுவுங்க," என்றார் அம்மா. "முடிச்சுட்டு இதே கேள்வியைக் கேளுங்க."

அந்த மனுஷனுக்கு அது போதுமானதாக இருந்தது. மனைவி போனதிலிருந்து அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் இருக்கிறது, அது இந்த அம்மாவிடம் இருக்கிறது, வயிறு சுத்தமானால் கிடைத்துவிடும். பௌர்ணமியில் தொடங்கி அமாவாசையில் முடிப்பது என்று நாள் குறித்தார்.

சாறு விரதத்தில் எடுத்த எடுப்பில் குதித்துவிட முடியாது. உடம்பைப் பழக்க வேண்டும். முதலில் காபியை விட்டார். தலை வெடித்துவிடும்போல் வலித்தது. இரண்டு நாள் சுருண்டு படுத்தார். பிறகு எண்ணெய், புளி, காரம் போயின. கடைசியில் சோறு போனது. கொத்தமல்லி போட்ட நீர்மோரும் வேகவைத்த சுரைக்காயுமாக இருந்தார். ஒவ்வொன்றையும் சமையல்கட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்தார். எடை, நாக்கின் நிறம், வயிறு எப்படிப் போனது, தூக்கம் எப்படி. சாமான் இருப்பு எழுதிப் பழகியவர். எழுத்து மணிமணியாக இருந்தது.

தலைவலியில் அவர் படுத்திருந்தபோது கிணற்றுத் தண்ணீரை அம்மாதான் சுமந்தார். எழுந்து வெளியே வந்த வையாபுரி, அம்மா படிக்கட்டில் பாதியில் குடத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தியானத்தில் இருக்கிறார் என்று நினைத்தார். தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே போய்விட்டார்.

பௌர்ணமி வந்தது. ஐப்பசி மழையும் சேர்ந்து வந்தது. மலை கண்ணுக்கே தெரியவில்லை.

காலையில் வெண்பூசணிச் சாறு, உச்சிப்பொழுதில் வாழைத்தண்டு, சாயங்காலம் நெல்லிக்காயோடு கொஞ்சம் இஞ்சி. வையாபுரி தானே நறுக்கி, தானே இடித்து, மெல்லிய துணியில் வடிகட்டினார். ஒரு திப்பி இருக்காது. அளவு டம்ளரில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, பிறகு வாய் வாயாகச் சப்பிக் குடிப்பார். சக்கை எருக்குழிக்குப் போகும்.

அம்மாவுக்குச் சாப்பாடு கஞ்சிதான். அவரே வைத்துக்கொள்வார். கிண்ணத்தோடு பின்பக்கம் போவார். சற்று நேரம் கழித்துக் கருப்பன் கிண்ணத்தை நக்கும் சத்தம் கேட்கும்.

சாயங்காலம் ஆனால் சமையல்கட்டு வாசற்படியில் அம்மா உட்காருவார். எதிரே வையாபுரி உட்கார்ந்து அன்றைய விவரத்தைச் சொல்லுவார். அதுதான் அவர் நாளிலேயே நல்ல பொழுது.

"இன்னிக்கு அரைக் கிலோ இறங்கியிருக்கேம்மா. காலையில லேசா மயக்கம். அப்புறம் வாயில ஒரு கசப்பு. அது பித்தம் வெளிய வர்றதுதானே?"

"இருக்கும்."

"நாக்கு மட்டும் இன்னும் வெள்ளையாவே இருக்கு. ராத்திரி அழுகை வந்துச்சு. அதையும் எழுதி வச்சிருக்கேன்."

"எதுக்காக வந்துது?"

"தெரியலம்மா. காரணம் எழுதல."

இன்னொரு நாள் கருப்பனைத் தூக்கி எடை மிஷினில் நிறுத்தினார். நாய் திமிறியது. வையாபுரி அபூர்வமாகச் சிரித்தார்.

"பாருங்கம்மா, நான் இளைக்கிறேன், இவன் கொழுக்கிறான். மழைக்காலத்துல இவனுக்கு எங்கிருந்துதான் தீனி கிடைக்குதோ!"

அம்மாவும் சிரித்தார். "என்னையும் ஒரு தடவை ஏத்திப் பாருங்களேன்."

"உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நீங்க எல்லாத்தையும் கடந்தவங்க," என்று சொல்லிவிட்டு, நாயின் எடையைச் சுவரில் எழுதப் போனார்.

மழை விடவில்லை. சாறு குடித்துக் குடித்து வையாபுரியின் கை விரல்கள் விறைத்துப் போயின. ஆனால் அந்த ஈர நாட்களில் அவருக்கு ஒரு பிடிப்பு இருந்தது. சௌந்தரவல்லி இல்லாத வீட்டில் விடிந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தவர், இங்கே விடிந்ததும் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தார். அதற்கு அவர் மனதில் நன்றி இருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் பூசணிச் சாற்றை வடிகட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றார்.

"எனக்கும் ஒரு வாய் தர்றீங்களா?"

வையாபுரிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அளவு கெட்டுவிடுமே! ஆனாலும் குருவுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? பாதி டம்ளரை ஊற்றிக் கொடுத்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, கொஞ்சம் கொஞ்சமாக, வெகுநேரம் குடித்தார். குடித்து முடித்ததும் டம்ளரில் தண்ணீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரையும் குடித்தார்.

பிறகு அவர் கேட்கவில்லை. இவரும் கொடுக்கவில்லை. அன்றைக்குச் சுவரில் இப்படி எழுதினார்: 'காலை அரை டம்ளர் குறைவு.'

அமாவாசைக்கு முந்தைய சாயங்காலம் அம்மாதான் முதலில் பேச்செடுத்தார்.

"ஐயா, எனக்கு இந்தத் தொண்டையில..."

"ஒரு நிமிஷம்மா, விட்டா மறந்துடுவேன்." வையாபுரி நாக்கை நீட்டிக் காட்டினார். "வெள்ளை போயிடுச்சு பாருங்க! செக்கச்செவேல்னு இருக்கு. உள்ள சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தம். இல்லையா?"

அம்மா அவர் நாக்கைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

"நாளைக்கு முடிச்சுடுவேன். நாளைக்கு அந்தக் கேள்வியைக் கேப்பேன். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

அவர் எழுந்து சுவரில் எழுதப் போனார். அம்மா என்ன சொல்ல வந்தார் என்பது அவர் நினைவிலேயே இல்லை. அம்மா மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விரதம் முடிப்பதற்கு அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முடிக்கிறவர் தன் கையால் கஞ்சி வைக்க வேண்டும். முதல் வாய் குருவுக்கு. அவர் விழுங்கிய பிறகுதான் தன் வாயில் போட்டுக்கொள்ளலாம்.

வையாபுரி பொழுது விடிவதற்குள் எழுந்தார். குளித்தார். பச்சரிசிக் குருணையும் பாசிப்பருப்பும் சீரகமும் போட்டு, குழையக் குழையக் கஞ்சி வைத்தார். அந்த வாசனைக்கே அவருக்குக் கண் கலங்கியது. வயிறு சுத்தம். நாக்கு சுத்தம். இனிப் பதில்தான் பாக்கி.

"அம்மா, முதல் வாய்."

குஞ்சரியம்மா வாசற்படியில் இருந்தார். கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கஞ்சியையே பார்த்தார்.

"நாலு கிலோ இறங்கியிருக்கேம்மா," என்றார் வையாபுரி. "உடம்பு அப்படியே பறக்குற மாதிரி இருக்கு. தூக்கமும்..."

அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். விழுங்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடியும் பார்த்தார். கண்ணில் நீர் கோத்தது. பிறகு கஞ்சி முழுதும் இருமலோடு வெளியே வந்து மூக்கிலும் புடவையிலும் கொட்டியது.

வையாபுரி பேச்சை நிறுத்தினார்.

சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினார். ஒரு மடக்குத்தான். அதுவும் பாதி திரும்பி வந்தது. அம்மா ஒரு பக்கமாகச் சரிந்தார். குருவைத் தொடலாமா கூடாதா என்று யோசிக்க நேரமில்லை. இரண்டு கையாலும் தோளைப் பிடித்துத் தூக்கி நிமிர்த்தினார்.

தூக்கியதும் அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சௌந்தரவல்லியைப் புரட்டிப் போட்டபோது இதே கைக்கு இதே கனம்தான் கிடைத்தது. கனம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அம்மாவின் கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. ரவிக்கை தோளில் தொங்கியது. புடவை இடுப்பில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியிருந்தது. இதெல்லாம் எப்போது நடந்தது? தினமும் எதிரே உட்கார்ந்திருந்தாரே!

கருப்பன் வந்து கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவசரப்படவில்லை. கிண்ணம் தன்னிடம்தான் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வையாபுரி நாயைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாகச் சமையல்கட்டுச் சுவரைப் பார்த்தார். அங்கே மணிமணியான எழுத்தில் 'காலை அரை டம்ளர் குறைவு' என்று இருந்தது.

"எத்தனை நாளாம்மா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே லேசா இருந்துது." குரல் கரகரத்தது. "இப்ப கஞ்சியும் இறங்கல."

"ஆஸ்பத்திரிக்கு..."

"போலாம். மழை விடட்டும்."

வையாபுரி முகத்தில் அடித்துக்கொண்டார். பெரிய ஆள், தேம்பித் தேம்பி அழுதார். அம்மா தன் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா?" என்றார் வையாபுரி. "ஏன் என்கிட்ட சொல்லல?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவர் காதில் விழுந்தது.

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அம்மா கிண்ணத்தைக் கருப்பன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"தினமும் சாயங்காலம் காத்துட்டுதாங்க இருந்தேன்," என்றார். "நீங்க பேசி முடிக்கவே இல்ல."